குறுகுறுக்கும் நெஞ்செல்லாம் குற்றமுள்ள நெஞ்சல்ல

கௌரவ தொழில் அமைச்சர் அவர்களுக்கும், தொழில் ஆணையாளர் நாயகம் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு நகைக் கடையில் 22 வருடம் கணக்கெழுதியவள். கடையின் பெயர் இந்த மடலுக்குத் தேவையில்லை. பொய்யைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லப்படுகிற பொலிகிராப் மெஷினை வைத்து அங்கே நடந்தது நாளைக்கு இன்னொரு கடையிலும் நடக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

2023 தீபாவளிக்கு முந்தின வாரம். அந்த வாரத்தில் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கதிரேசன் கோயில் மணிச்சத்தம்கூடக் கேட்காத அளவுக்கு வாசலில் சனம். சனிக்கிழமை இரவு தட்டுகளை எண்ணி இரும்புப் பெட்டிக்குள் வைக்கும்போது ஒரு சோடி காப்பு குறைந்தது. ஐந்து பவுண். மூன்று தரம் எண்ணிப் பார்த்தோம். கமராவில் தேடினோம். தட்டு இருந்த மூலை அதில் சரியாக விழவில்லை.

பழைய முதலாளி இருந்த காலத்தில் இப்படி ஏதாவது நடந்தால் எல்லோரையும் முகத்துவாரம் காளி கோயிலுக்குக் கூட்டிப்போய், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வார். இப்போது கடையைப் பார்ப்பவர் அவருடைய மகன், வெளிநாட்டில் படித்தவர். அவர் ஒரு தனியார் நிறுவனத்தில் பேசி, பொலிகிராப் மெஷினோடு ஒருவரை வரவழைத்தார். கடையில் வேலை செய்த ஒன்பது பேருக்கும் சோதனை.

சோதனைக்கு முதல் ஒரு படிவம் தந்தார்கள். ‘என் சுயவிருப்பத்தின் பேரில் இதற்குச் சம்மதிக்கிறேன்’ என்று அதில் இருந்தது. கையெழுத்து வைக்காதவர் எதற்குப் பயப்படுகிறார் என்று யோசிக்க வேண்டிவரும் என முகாமையாளர் சொன்னார். ஒன்பது பேரும் சுயவிருப்பத்தோடு கையெழுத்து வைத்தோம்.

மேல்மாடி அறையில் வைத்துத்தான் சோதனை. நெஞ்சைச் சுற்றி ஒரு ரப்பர் குழாய், வயிற்றைச் சுற்றி இன்னொன்று, மூச்சு எப்படிப் போகிறது என்று பார்க்க. மேற்கையில் பிரஷர் பார்க்கிற பட்டி. இரண்டு விரல்களில் சின்னத் தகடுகள், வியர்வையை அளக்க. அவ்வளவுதான் அந்த மெஷின். மூச்சு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, வியர்வை. பொய்யை அளக்கிற கம்பி ஒன்றும் அதில் இல்லை. இதை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எல்லோரையும் போல, உள்ளே ஏதோ இருக்கிறது என்று நம்பினேன்.

முதலில் ஒரு தாளில் ஓர் இலக்கத்தை எழுதச் சொன்னார் வந்தவர். பிறகு ஒவ்வோர் இலக்கமாகக் கேட்பார், எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்ல வேண்டும். முடிந்ததும் மெஷினைப் பார்த்து ‘நீங்கள் எழுதியது ஐந்து, இல்லை என்று சொன்னபோது கோடு எகிறியது’ என்றார். எனக்கு உடம்பு சில்லிட்டது. நான் ஐந்து என்று எழுதியது அவருடைய கண்முன்னால்தான் என்பது அப்போது மனதில் படவேயில்லை. பொலிகிராப் வேலையில் இது ஒரு வழக்கமான படி என்று பிறகு அறிந்தேன். மெஷின் பிழை விடாது என்று ஆளை நம்பவைப்பதற்குத்தான் அது.

அப்புறம் கேள்விகள். சிங்களத்தில் கேட்டார்; விளங்காத இடத்தில் முகாமையாளர் தமிழில் சொன்னார். பெயர், ஊர், இன்றைக்கு என்ன கிழமை என்று சில. காப்பை நீங்கள் எடுத்தீர்களா, எடுத்தவர் யார் என்று தெரியுமா என்று சில. இடையில் ஒரு கேள்வி: ‘உங்கள் வாழ்க்கையில் எப்போதாவது உங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றை எடுத்திருக்கிறீர்களா?’

நான் ‘இல்லை’ என்றேன்.

அது பொய். சின்ன வயதில் அப்பாவின் சட்டைப் பையில் சில்லறை எடுத்திருக்கிறேன். கடையில் இருந்தே மகளின் பள்ளிக்கூட வேலைக்கு எத்தனையோ தரம் தாளும் பேனையும் கொண்டுபோயிருக்கிறேன். நகைக் கடையில், திருட்டு விசாரணையில், முகாமையாளர் பக்கத்தில் நிற்கும்போது அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்லும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. இத்தோடு நான் தொலைந்தேன் என்று நினைத்தேன்.

நான் ‘பாஸ்’.

எங்களோடு பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த ஒரு தம்பி இருந்தான். வயது 21. தட்டுத் துடைப்பது, தேநீர் வாங்கி வருவது, பட்டறைக்குப் பொருள் கொண்டுபோவது அவன் வேலை. அம்மா கொழுந்து பறிக்கிறவர். அவனிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவன் உள்ளதைச் சொல்லிவிட்டான். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அம்மாவின் சுருக்குப் பையிலிருந்து பத்து ரூபா எடுத்தது, தோட்டத்துரை பங்களாவில் கொய்யாப்பழம் பறித்தது, எல்லாவற்றையும். ‘அதைத் தவிர வேறு ஏதாவது?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘இல்லை’ என்றிருக்கிறான். அது உண்மை. அடுத்ததாகக் காப்பைப் பற்றிய கேள்வி. அதற்கும் இல்லை என்றான். அதுவும் உண்மை. அந்த இடத்தில் கோடு எகிறியதாம்.

அவனிடம் ஒரு விலகல் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பொலிசுக்குப் போகாமல் விடுகிறோம், அதுவே நாங்கள் செய்கிற உதவி என்றார்கள். புறக்கோட்டையில் பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். ‘நான் எடுக்கலக்கா. சத்தியமா எடுக்கல. மெஷின் ஏன்க்கா அப்படிச் சொல்லுது?’ என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அதைவிட மோசம், ஒரு கணம் எனக்கும் சந்தேகம் வந்தது. மெஷின் சொல்லிவிட்டதே.

2024 மார்ச்சில் வருடக் கணக்கு முடிக்கும்போது முதலாளி மேசையின் லாச்சியைத் துப்புரவாக்கினோம். பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த சிட்டை ஒன்று அகப்பட்டது. ஐந்து பவுண் காப்பு ஒரு சோடி, பொலிஷுக்கு. திகதி அதே சனிக்கிழமை. அவசரத்தில் யாரோ கொடுத்து அனுப்பி, புத்தகத்தில் பதியாமல் விட்டிருக்கிறார்கள். பட்டறையில் தேடினார்கள், காப்பு அங்கேயே ஒரு டப்பாவில் இருந்தது.

ஐயா, அந்தக் கடையில் திருட்டே நடக்கவில்லை. நடக்காத திருட்டுக்கு மெஷின் ஒரு திருடனைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

தம்பியைத் திரும்ப வரச் சொன்னார்கள். அவன் வரவில்லை. அதற்குள் செட்டியார் தெருவில் அவன் பெயர் கெட்டுப்போயிருந்தது. வேறு இரண்டு கடைகளில் வேலை கேட்டு, இரண்டிலும் விஷயம் தெரிந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நானும் சில மாதத்தில் விலகிவிட்டேன். இப்போது வீட்டில் இருந்தபடி சின்னக் கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். விலகின பிறகுதான் இந்த மெஷினைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். பஸ் நிலையத்தில் அவன் கேட்ட கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருந்தது.

பதில் இதுதான். சோதிப்பவர் ஒரு கேள்விக்கான கோட்டை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. இரண்டு கேள்விகளின் கோடுகளை ஒப்பிடுகிறார். ஒன்று விஷயத்தைப் பற்றிய நேர்க் கேள்வி: காப்பை எடுத்தாயா? மற்றது ஒப்பீட்டுக் கேள்வி: வாழ்க்கையில் எப்போதாவது எதையாவது எடுத்தாயா? இந்த இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் ஓரளவு பொய் சொல்வார்கள், அல்லது மனம் குழம்புவார்கள் என்பதுதான் கணக்கு. குற்றமில்லாதவனுக்கு அந்தக் கேள்வியில் உடம்பு கூடுதலாகப் பதறும், குற்றவாளிக்கு நேர்க் கேள்வியில் கூடுதலாகப் பதறும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 1940களில் அமெரிக்காவில் ஜோன் ரீட் என்பவர் வகுத்த முறை இது. இன்றைக்கும் குற்ற விசாரணைச் சோதனைகளில் பெரும்பாலும் நடப்பது இதன் வழிவந்த முறைகள்தான்.

இதில் என்ன நடந்தது என்று பாருங்கள். நான் ஒப்பீட்டுக் கேள்விக்குப் பொய் சொன்னேன், பதறினேன், அதனால் தப்பினேன். தம்பி அதற்கு முழு உண்மையைச் சொல்லி மனப்பாரத்தை இறக்கி வைத்தான். ஆகவே அந்தக் கேள்வியில் அவன் உடம்பு அமைதியாக இருந்தது. காப்பைப் பற்றிக் கேட்டபோதுதான் வேலை, அம்மா, பொலிஸ் எல்லாம் நினைவுக்கு வந்து பயந்தான். உண்மையாக இருந்ததற்காகவே அவன் பிடிபட்டான். ஒரு கடையில் மிகவும் நேர்மையான ஆளைத் தேடிப் பிடித்து வெளியே அனுப்பும்படி ஒரு முறையை வகுத்திருந்தால்கூட இவ்வளவு சரியாக அமைந்திருக்காது.

‘குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்’ என்று நாம் சொல்லி வளர்ந்தோம். இந்த மெஷினுக்குப் பின்னால் இருக்கிற நம்பிக்கை முழுவதும் அந்தப் பழமொழிதான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கலாம், சரி. ஆனால் குறுகுறுக்கிற நெஞ்செல்லாம் குற்றமுள்ளதா?

கொழும்பில் வாழ்ந்த தமிழர்களைக் கேளுங்கள், பதில் சொல்வார்கள். போர்க் காலத்தில் சோதனைச் சாவடியில் பஸ் நிற்கும். அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். அட்டையும் இருக்கும், பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்கும், பையில் சாப்பாட்டுப் பெட்டியைத் தவிர வேறொன்றும் இருக்காது. ஆனாலும் நா வறண்டுவிடும், உள்ளங்கை வியர்க்கும், பிறந்த ஊர் எது என்று கேட்டால் சொல்ல இரண்டு நொடி பிந்தும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள்; அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு போட்டது. அந்த விடியற்காலையில் கதவு தட்டப்பட்டபோது அவர்களுடைய விரலில் இந்தத் தகடுகளை மாட்டியிருந்தால் அத்தனை பேரும் பொய்யர்கள் என்றுதான் மெஷின் சொல்லியிருக்கும். பயம், அவமானம், கோபம், பழைய நினைவு, நித்திரையின்மை எல்லாமே ஒரே வியர்வையாகத்தான் வெளியே வருகின்றன. பொய்க்கென்று தனியாக ஒரு வியர்வை உடம்பில் இல்லை.

தோட்டத்திலிருந்து வந்து, முகாமையாளர் முன்னால் உட்கார்ந்து, அரைகுறையாக விளங்குகிற மொழியில் கேள்வி கேட்கப்படுகிற ஒரு பையனுக்கும், அதே கேள்வி ஏ.சி. அறையில் தன் சொந்த மொழியில் கேட்கப்படுகிற ஒரு கனவானுக்கும் நெஞ்சு ஒரேபோல் அடிக்குமா? குற்றம் சாட்டுகிறவரே மொழிபெயர்ப்பாளராகவும் நின்றார் என்பதை நான் இப்போது நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

உடம்பைப் பார்த்து உண்மையைப் படிக்கிற ஆசை புதிதில்லை. அந்தக் காலத்து இந்தியாவில் சந்தேகப்பட்டவனுக்கு அரிசியை மெல்லக் கொடுத்துத் துப்பச் சொல்லி, பயத்தில் வாய் வறண்டிருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் 19 வருடம் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், கொதிக்கும் எண்ணெயில் விரலை விட்டுச் சத்தியம் செய்யும் வழக்கத்தைப் பதிந்து வைத்திருக்கிறார். எங்கள் பழைய முதலாளியின் கற்பூரமும் அதே வரிசைதான். 1921இல் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரப் பொலிசில் வேலை செய்த ஜோன் லார்சன் இந்த மெஷினின் முதல் வடிவத்தைச் செய்தார். அதை அவர் பயன்படுத்திய முதல் விசாரணைகளில் ஒன்று, ஒரு பெண்கள் விடுதியில் பணமும் நகையும் காணாமல் போன விவகாரம். நூறு வருடம் தாண்டி செட்டியார் தெருவிலும் அதே நகை விசாரணைதான். அந்த லார்சனே பின்னாளில் தன் மெஷின் பயன்படுத்தப்படுகிற விதத்தைப் பார்த்து மனம் வெறுத்துப்போனார்.

நீதிமன்றங்கள் இதைத் தொடக்கத்திலேயே சந்தேகப்பட்டன. 1923இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்த மெஷினுக்கு முன்னோடியான இரத்த அழுத்தச் சோதனையைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1987இல் பொலிகிராப் முடிவை வழக்கில் சேர்க்க முடியாது என்றது. ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 1998இல் சான்றாக இது அறவே தகுதியற்றது என்றது. பக்கத்து நாடான இந்தியாவில் 2010 மே 5ஆம் திகதி செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய சம்மதமில்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, சம்மதித்துச் செய்தாலும் முடிவைச் சாட்சியமாக எடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அது என் தொழில்.

அமெரிக்காவின் தேசிய ஆய்வுச் சபை 2003இல் பொலிகிராப்பைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைப் பற்றிக் கேட்கும்போது, மெஷினை ஏமாற்றப் பயிற்சி இல்லாதவர்களிடம், இது குருட்டு ஊகத்தைவிடத் தெளிவாகவே நன்றாக வேலை செய்கிறது என்றும், ஆனால் பிழையின்மைக்கு வெகு தூரம் கீழேதான் நிற்கிறது என்றும் அவர்கள் சொன்னார்கள். ஆகவே இது வெறும் பூவா தலையா என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே அறிக்கையில் ஓர் உதாரணம் இருக்கிறது. 10,000 பேர் வேலை செய்கிற இடத்தில் 10 பேர் உளவாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு உளவாளிகளைப் பிடிக்கிற அளவுக்கு மெஷினைக் கடுமையாக வைத்தால், அவர்களோடு சேர்ந்து 1,598 அப்பாவிகளும் சிக்குவார்கள். இரண்டு உளவாளிகள் அப்போதும் தப்பிவிடுவார்கள். அப்பாவிகள் சிக்குவதைக் குறைக்கும்படி இளக்கி வைத்தால் எட்டு உளவாளிகள் தப்பிவிடுவார்கள்.

எங்கள் கடைக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். மெஷின் நூற்றுக்குத் தொண்ணூறு தரம் சரி என்றே வைப்போம், தாராளமாக. ஒன்பது பேர், ஒருவரும் எடுக்கவில்லை. ஒன்பது பேரும் தப்ப வேண்டுமென்றால் 0.9ஐ ஒன்பது தரம் பெருக்க வேண்டும்: 0.39 வருகிறது. அதாவது, திருட்டே நடக்காத கடையில் குறைந்தது ஒரு அப்பாவியாவது திருடனாகிற வாய்ப்பு நூற்றுக்கு 61. முதலாளி தொண்ணூறு வீத உத்தரவாதம் என்று நினைத்துக் காசு கொடுக்கிறார். யாராவது ஒரு அப்பாவி அகப்படுவதற்கே கூடுதல் வாய்ப்பு என்பதுதான் அவர் வாங்குவது. அதில் முன்னுக்கு நிற்பது யார்? பயந்தவன். ஒன்பது பேரில் மிகவும் ஏழை, மிகவும் இளையவன்.

கெட்டிக்காரக் குற்றவாளிகளோ தப்பிவிடுகிறார்கள். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வில் இருந்துகொண்டே சோவியத்துக்கு இரகசியம் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் பொலிகிராப் சோதனையைக் கடந்தார். நன்றாக நித்திரை கொண்டுவிட்டுப் போ, சோதிப்பவரோடு சிநேகமாகப் பேசு, பதற்றப்படாதே என்பதுதான் அவருக்குக் கிடைத்த ஆலோசனை. தம்பி முதல் நாள் இரவு கண் மூடவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் கேரி ரிட்ஜ்வே என்பவர் ஒரு தொடர் கொலை வழக்கில் 1984இல் சோதனையில் தேறினார். அதே வழக்கில் சந்தேகிக்கப்பட்ட ஒரு டாக்சி ஓட்டுநர் தேறவில்லை; அவர் குற்றமற்றவர். ரிட்ஜ்வே 2001இல் மரபணுச் சோதனையால் பிடிபட்டு, 2003இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டார்.

என்னை மிகவும் உலுக்கியது ஃபுளொய்ட் ஃபே என்பவரின் கதை. ஒஹாயோ மாநிலத்துக்காரர். 1978இல் ஒரு கொலை வழக்கில் சந்தேகம் வந்தது. தான் செய்யவில்லை என்பதால் மெஷின் தன்னைக் காப்பாற்றும் என்று நம்பி, முடிவு எப்படி வந்தாலும் அதை நீதிமன்றத்தில் காட்டலாம் என்று சம்மதித்துக் கையெழுத்து வைத்தார். தேறவில்லை. ஆயுள் தண்டனை. இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்த பிறகு உண்மையான கொலையாளிகள் அகப்பட்டு, 1980இல் வெளியே வந்தார். சிறைக்குள் இருந்தபோது இந்தச் சோதனை எப்படி வேலை செய்கிறது என்று படித்தார். அங்கே கைதிகளையும் பொலிகிராப்பில் வைத்துச் சோதிப்பார்கள். குற்றம் செய்ததைத் தன்னிடம் ஒப்புக்கொண்ட 27 கைதிகளுக்கு, ஒப்பீட்டுக் கேள்வி வரும்போது எப்படி வேண்டுமென்றே உடம்பைப் பதறவைப்பது என்று ஏறத்தாழ இருபது நிமிடம் சொல்லிக் கொடுத்தார். அவர்களில் 23 பேர் தேறிவிட்டார்கள். உண்மை சொன்னவர் ஆயுள் தண்டனையோடு உள்ளே, பொய் சொன்னவர்கள் தேறினார்கள். அவர் மெஷினை நம்பியதும் எங்கள் தம்பி நம்பியதும் ஒரே காரணத்துக்காகத்தான். செய்யாதவனுக்கு என்ன பயம் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 1973இல் கனெக்டிகட் மாநிலத்தில் தாய் கொலையுண்ட ஒரு 18 வயது இளைஞனைச் சோதித்து, நீ தேறவில்லை என்றார்கள். மெஷின் பொய் சொல்லாது என்று நம்பிய அவன், தன் நினைவையே சந்தேகப்பட்டு, நான்தான் செய்திருக்க வேண்டும் என்று ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தான். தண்டனையும் கிடைத்தது. சில வருடங்களுக்குப் பிறகுதான் விடுவிக்கப்பட்டான். ஒப்புதல் வாக்குமூலம் எப்படி எடுக்கப்படுகிறது என்பதில் எங்கள் சமூகத்துக்கு நிறைய அனுபவம் இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதான ஒரு தமிழ் இளைஞருக்கு, அவருக்கு விளங்காத சிங்களத்தில் எழுதி விரலடையாளம் வாங்கின ஒரு வாக்குமூலத்தை மட்டும் வைத்து 1995இல் 50 வருடச் சிறை விதிக்கப்பட்டதும், 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அதை நியாயமற்ற விசாரணை என்று கண்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காகிதத்தில் இருக்கிற கையெழுத்தும் கோடும் உண்மையென்று நாங்கள் எளிதில் நம்ப மாட்டோம். காரணத்தோடுதான்.

நம் நாட்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டினது. அதன் 25ஆம் பிரிவு, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்கிறது. அதிகாரம் உள்ளவர் முன்னால், மூடிய அறையில் ஒரு மனிதன் என்ன பாடுபடுவான் என்று அந்தக் காலத்திலேயே யோசித்து எழுதியிருக்கிறார்கள். அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை, குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் குற்றமற்றவர் என்று கொள்ளச் சொல்கிறது. பொலிஸ் நிலையத்துக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், கடையின் மேல்மாடி அறையில், எந்த அனுமதியும் எந்த மேற்பார்வையும் இல்லாமல், சம்பளம் கொடுக்கிறவரே குற்றம் சாட்டி, சம்பளம் கொடுக்கிறவரே காசு கொடுத்துச் சோதித்து, சம்பளம் கொடுக்கிறவரே தீர்ப்பும் சொல்வது எப்படிச் சரியாகும்?

அமெரிக்கா இந்த மெஷினின் தாய் வீடு. அங்கேயே 1988இல் ஊழியர்களைப் பொலிகிராப்பிலிருந்து பாதுகாக்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தனியார் நிறுவனங்களில் பெரும்பாலானவை வேலைக்கு எடுக்கும்போதோ வேலையில் இருக்கும்போதோ இந்தச் சோதனையைக் கேட்கவே கூடாது. திருட்டு போன்ற குறிப்பிட்ட நட்டத்தை விசாரிக்கும்போது சில நிபந்தனைகளோடு கேட்கலாம். அப்போதும், வேறு சான்று இல்லாமல் சோதனை முடிவை மட்டும் வைத்தோ, சோதனைக்கு மறுத்தார் என்பதை மட்டும் வைத்தோ ஒருவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. எங்களிடம் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. அந்த வெற்றிடத்துக்குள்தான் மெஷினோடு ஆட்கள் வருகிறார்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. சட்டம் எழுத நாளெடுக்கும், அது எனக்குத் தெரியும். அதுவரைக்கும் தொழில் திணைக்களத்திலிருந்து எல்லா வேலைகொள்வோருக்கும் மூன்று மொழியிலும் ஒரு சுற்றறிக்கை போகட்டும்: பொலிகிராப் முடிவைக் காரணம் காட்டி யாரையும் நீக்கவோ, விலகல் கடிதம் வாங்கவோ, பதவி குறைக்கவோ கூடாது, சோதனைக்கு மறுப்பது குற்றமாகாது. அப்படி வாங்கிய விலகல் கடிதத்தைத் தொழில் நியாய சபைகள் சுயவிருப்பம் என்று எடுத்துக்கொள்ளாதபடி சட்டத்தில் வழி செய்யுங்கள். ஏனென்றால் எங்கள் தம்பியால் வழக்குப் போட முடியாமல் போனதற்கு அந்தக் கடிதம்தான் காரணம். அவன் தானாகவே போனான் என்றல்லவா அதில் எழுதியிருக்கிறது. அந்தச் சோதனைத் தாள்கள் எங்கே என்றும் கேளுங்கள். ஒன்பது பேருடைய இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் யாருடைய கணினியில் இருக்கிறது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கும்போது, இந்தத் தாள்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்க உங்களால் முடியும்.

முதலாளிமாருக்கும் ஒரு சொல். நட்டம் வந்தால் வலிக்கும். நகைக் கடையில் ஐந்து பவுண் என்பது சின்னக் காசு இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காப்பு கடைசியில் எதால் அகப்பட்டது? ஒரு சிட்டையால். பட்டறைக்குப் போகிற ஒவ்வொரு பொருளுக்கும் அன்றன்றே புத்தகத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் மெஷினே தேவைப்பட்டிருக்காது. அந்த வரியை எழுதுவிக்க வேண்டியவள் நான். அன்றைக்கு நான் கவனிக்காமல் விட்டேன். சோதனை அறையில் பொய் சொல்லித் தப்பினேன். பிறகு அவன் போகும்போது வாய் திறக்காமல் நின்றேன். இந்த மூன்றையும் நான் அவனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடமும் மறைக்க விரும்பவில்லை.

இந்த மடலை அனுப்புவதற்கு முதல் போனில் தம்பிக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவன் இப்போது ஊரிலேயே ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். ஒரே ஓர் இடத்தில்தான் நிறுத்தச் சொன்னான். அம்மாவின் சுருக்குப் பையிலிருந்து இருபது ரூபா எடுத்தான் என்று நான் எழுதியிருந்தேன். ‘இருபது இல்லக்கா, பத்து’ என்றான். திருத்திவிட்டேன்.

இப்படிக்கு,
செட்டியார் தெருவில் கணக்கெழுதிய ஒருத்தி
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13